நடக்கும் முன் அச்சான செய்தி

என்னை அலுவலகத்தில் தந்தி என்பார்கள். வயதில் சின்னவர்கள் தந்தி அக்கா என்பார்கள். ஒரு செய்தி என் காதில் விழுந்தால் அடுத்த நிமிடம் அது மாடிவரை போய்விடும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கோபமும் எனக்கு அப்படித்தான், மூக்குக்கு மேல் தயாராக நிற்கும். கோப்பை நேரத்துக்குத் தராத கிளார்க்கைக் கதறவிட்டிருக்கிறேன். பிரிண்டரை மிதித்திருக்கிறேன். ஆனால் வந்தே தீரவேண்டிய ஒரு நாளில் அந்தக் கோபம் வரவில்லை. அதனால் ஒருவருக்கு ஒரு கண் போனது. என் மேல் பரிதாபம் வரட்டும் என்று இதை எழுதவில்லை. வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது வேளாண் விரிவாக்க அலுவலகம். எந்த விதை போடலாம், எந்த மருந்து அடிக்கலாம் என்று வயலுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது அதிகாரிகளின் வேலை. மாதம் ஒரு தாள் தயாரிப்பது என் வேலை. முன்பக்கம் பணியாளர் செய்தி: யாருக்கு மாற்றல், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் ஓய்வு பெற்றார், யார் எந்தப் பயிற்சிக்குப் போனார், அடுத்து என்ன பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். பின்பக்கம் விவசாயிகளுக்கு அந்த மாதத்துப் பரிந்துரை. இரண்டுக்கும் தனித்தனித் தாள் எதற்கு என்று யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். அதனால் எங்கள் கிளார்க்குக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்த செய்தி நாலாயிரம் விவசாயி வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தாள் இருபதாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும். விவசாயி கைக்குக் கிடைப்பது அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வாக்கில். இடையில் நடக்கப்போவதை எல்லாம் நடந்ததாகவே எழுதிவிடுவேன். ‘பயிற்சியைச் சிறப்பாக முடித்துத் திரும்பினார்’ என்று நான் எழுதும்போது ஆசாமி இன்னும் பெட்டிகூடக் கட்டியிருக்க மாட்டார். ஆணை வந்துவிட்டால் எங்கள் துறையில் எதுவும் மாறாது, அந்தத் தைரியம். ஒருமுறை ஜீப் டிரைவரின் பிரிவுபசார விழாவைப் பற்றி ‘கண் கலங்கினார்’ என்று முன்னதாகவே போட்டிருந்தேன். விழாவில் அந்த ஆள் மாலையோடு நின்று திருதிருவென்று விழித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்தார். இறங்கி வந்து என் காதில், “பேப்பர்ல போட்டுட்டீங்களேக்கா, அழாம போனா நல்லாருக்காதே” என்றார். பதினோரு வருஷத்தில் என் தாளில் ஒரு செய்திகூடப் பொய்யானதில்லை என்று வருவோர் போவோரிடம் எல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பயிர்ப் பாதுகாப்பு அதிகாரியை எல்லாரும் பூச்சி என்போம். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. முப்பத்து நாலு வயது, ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. ஒரு இலையைத் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் பார்ப்பார். பிறகும் “நாளைக்கு வந்து இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேங்க” என்பார். அந்த நிதானத்துக்காகவே விவசாயிகள் அவரை நம்பினார்கள். களைக்கொல்லிப் பயிற்சி ஒன்று, பன்னிரண்டு நாள், வெளியூரில். மூன்று வருஷமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை கிடைத்தது. என் மேசைக்கு வந்து நின்று, “அக்கா, போட்டோ நல்லதா போடுங்க. வீட்டுல எடுத்து வைப்பா” என்றார்.

நல்லதாகத்தான் போட்டேன். வழக்கத்தைவிடப் பெரிதாக. போனார், முடித்தார், முதலிடத்தில் தேறினார் என்று எழுதினேன். முதலிடம் என் கைங்கரியம். அவர் புத்திக்கு வேறு என்ன வரும் என்று நினைத்தேன். அப்புறம் இன்னொரு வரி: ‘பயிற்சியில் கற்றதைக் கொண்டு இவர் தயாரித்த பரிந்துரை பின்பக்கத்தில்.’ அந்தப் பரிந்துரையை அவர் தயாரிக்கவில்லை. அது தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை. மக்காச்சோளத்துக்குப் புதிதாக வந்த களைக்கொல்லி ஒன்றைப் பற்றியது. யாரோ அனுப்பிய மொட்டைக் காகிதத்தைவிட, தெரிந்த முகம் சொன்னால் படிப்பார்கள் என்று நானாகச் சேர்த்தேன்.

சுற்றறிக்கையில் இரண்டு வரி இருந்தது. ஏக்கருக்கு இருநூறு மில்லி. கைத்தெளிப்பான் டேங்குக்கு இருபது மில்லி. ஏக்கருக்குப் பத்து டேங்க், கணக்கு சரி. ஆனால் என் கட்டத்தில் ஒரு வரி இடம் குறைந்தது. முன்பக்கத்தில் போட்டோவைப் பெரிதாக்கியதால் ஒரு செய்தி பின்பக்கம் தள்ளப்பட்டு, அது இந்தக் கட்டத்தை நெருக்கிவிட்டது. இரண்டு வரியை ஒரு வரியாக்கினேன். அந்த ஒரு வரி இப்படி வந்தது: டேங்குக்கு இருநூறு மில்லி.

நான் திருப்பிப் படிக்கவில்லை. இயக்குநர் எப்போதும்போல் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் பேனா தானாக ஓடும், கண் தாள் பக்கமே போகாது.

பூச்சி கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள், பயிற்சி தள்ளிவைக்கப்பட்டது. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாராம். பூச்சி கட்டின பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தார். “தாளு அச்சாயிடுச்சாக்கா?” என்றார். ஆயிடுச்சு, முதலிடம்னே போட்டுட்டேன் என்றேன். “பரவால்ல, அடுத்த மாசம் போய் முதலிடம் வாங்கிட்டு வந்து அதை உண்மையாக்கிடறேன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அச்சாகி வந்த தாளை இரண்டு பேரும் திருப்பிப் பின்பக்கம் பார்க்கவில்லை.

தாள் போய்ச் சேர்ந்து பத்தாவது நாள், திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, இரண்டு டிராக்டர் எங்கள் கேட்டை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. இடித்துக்கொண்டு என்றால் நிஜமாகவே இடித்து. ஒரு பக்கக் கதவு கழன்று காவலாளியின் முழங்கால்மேல் விழுந்தது. அவர் அலறிய அலறலில்தான் நாங்கள் எழுந்து சன்னலுக்குப் போனோம். முப்பது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் முதுகில் தெளிப்பான் டேங்க். முன்னால் வந்தவர் கிணற்றுக்காரர். அந்தப் பக்கத்துக் குழுவுக்குத் தலைவர். பெரிய கிணறு வைத்திருப்பதால் அந்தப் பெயர். போன வருஷம் எங்கள் கண்காட்சியில் அவர் கையால்தான் விளக்கே ஏற்றினோம்.

இயக்குநர் அறையிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கழிப்பறைப் பின்கதவு வழியாகக் கம்பி நீட்டிவிட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஜீப் போகிற ஓசை மட்டும் கேட்டது.

அவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் உடைத்தார்கள். மண் பரிசோதனைக் குப்பிகள் வரிசையாக இருந்த அலமாரியை ஒருவர் இழுத்துக் கவிழ்த்தார். இரண்டு பேர் நோட்டீஸ் போர்டைப் பிடுங்கி அதாலேயே சன்னல்களை அடித்தார்கள். கண்ணாடி பறந்து எங்கள் தட்டச்சுப் பெண்ணின் நெற்றியைக் கிழித்தது. அவள் இரத்தத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் மேசைக்கு அடியில் ஊர்ந்து போனாள். நான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டேன்.

பூச்சி மட்டும் வெளியே வந்தார். அவருக்கு ஒளியத் தெரியவில்லை. “என்னங்க ஆச்சு? என்னன்னு சொல்லுங்க முதல்ல” என்றார்.

“என்ன ஆச்சா?” கிணற்றுக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பட்டன்கள் தெறித்தன. “நாப்பத்தியோரு பேரோட சோளம் வெந்து போய்க் கிடக்குடா. முழங்கால் ஒசரம் வந்த பயிரு, வெள்ளை வெளேர்னு. என் மாடு அந்த வரப்புல மேஞ்சுட்டு வந்து வயித்துக் கன்னோட செத்துப்போச்சு. வாயில நுரை. ராத்திரி பூரா கத்திச்சு. கேக்கறான் பாரு, என்ன ஆச்சுன்னு!”

“எவ்வளவு அடிச்சீங்க?”

“நீ சொன்ன அளவுதான்டா! டேங்குக்கு இருநூறு!”

முதல் உதை அப்போது விழுந்தது. வயிற்றில். பூச்சி மடங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை இன்னொருவர் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரிதான் இருக்கும். சின்னச் சத்தம், ஆனால் அறை முழுக்கக் கேட்டது. ஒருவர் அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினார். மூன்று தடவை. மூன்றாவது தடவை நிமிர்த்தியபோது தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. உடைந்த குப்பிகளிலிருந்து கொட்டிய மண்ணெல்லாம் இரத்தத்தில் ஊறிச் சேறாகிவிட்டது.

“நான் எழுதலீங்க” என்றார் பூச்சி. வார்த்தைகள் குழறி வந்தன. “நான் பயிற்சிக்கே போகல. அது நடக்கவே இல்ல.”

கிணற்றுக்காரர் மடியிலிருந்து என் தாளை எடுத்து உதறினார். “போட்டோ போட்டிருக்கு. முதலிடம்னு போட்டிருக்கு. இவன் எழுதினதுன்னு போட்டிருக்கு. போகவே இல்லங்கறான்! யார் காதுல பூ சுத்தறே?”

பூச்சி தலையைத் தூக்கி அலமாரிப் பக்கம் பார்த்தார். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும். “அக்கா, சொல்லுங்கக்கா” என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். கிணற்றுக்காரர் ஒரு டேங்கின் பித்தளைக் குழலைக் கையில் பிடித்திருந்தார். அதன் நுனியிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதே மருந்து, அதே அளவில் கலந்தது, நாங்கள் சொன்னபடி.

“ஏம்மா, நீதானே இதைப் போடறவ? இதுல போட்டிருக்கறது உண்மையா பொய்யா?”

டேங்குக்கு இருநூறு என்று கேட்டதுமே நான் ஒன்றாக்கிய வரி ஞாபகம் வந்துவிட்டது, எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. பொய் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் எழுதினது என்பது. அதற்குப் பதில் நான்தான். கால் ஒரு அடிகூட முன்னால் வரவில்லை. பிரிண்டரை மிதித்த கால்தான். அந்தப் பித்தளை நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உண்மைதான்” என்றேன்.

பூச்சி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இன்றைக்குத் தூங்குவேன். ஒரு இலையின் அடியில் தான் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

“ரெண்டு பேர் பிடிங்கடா” என்றார் கிணற்றுக்காரர். பிடித்தார்கள். குழலின் நுனியைப் பூச்சியின் இடது கண்ணில் வைத்து அழுத்தி, பின்னால் நின்றவரைப் பம்பு அடிக்கச் சொன்னார். அவர் அடித்தார். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை. பதினோரு வருஷமாக எல்லாவற்றையும் எழுதினவள்தான்.

போலீஸ் வந்தபோது அவர்கள் யாரும் ஓடவில்லை. டிராக்டர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

பூச்சிக்கு இடது கண் போய்விட்டது. மூன்று விலா, தாடை. தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்ததால் பேச முடியாது. வலது கண்ணிலும் மருந்து பட்டிருந்தது, ஆனால் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள் மருத்துவர்கள். மூன்று வாரம் இருக்க வேண்டும், அடுத்த மாதம் ஆறாம் தேதி அனுப்பிவிடலாம் என்றார்கள். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். குழந்தைக்கு ஊட்டுவதுபோல் உறிஞ்சு குழாயால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிப் போன பழத்தைப் பார்த்து, “எதுக்குக்கா இதெல்லாம்? நீங்க வந்ததே போதும்” என்றாள்.

பூச்சி ஒரு குறிப்பேட்டை வாங்கி எழுதிக் காட்டினார். ‘அக்கா, அளவு எப்படி மாறுச்சு?’

தன் பெயரை நான் சேர்த்ததைப் பற்றிக் கேட்கவில்லை, நான் சொன்ன பொய்யைப் பற்றிக் கேட்கவில்லை. அளவைப் பற்றிக் கேட்டார். அவருக்கு இன்னும் சோளம்தான் முக்கியம்.

“அச்சுப்பிழை” என்றேன். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் ஏதோ துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

பதினெட்டாம் தேதி கிணற்றுக்காரரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். உயரமான பெண். குரலை உயர்த்தவே இல்லை. இயக்குநர் முன்னால் நின்றாள். நான் பக்கத்தில் கோப்போடு நின்றேன்.

“எங்க வீட்டுக்காரரைப் போலீஸ்ல வச்சு ரெண்டு கை விரலையும் ஒடச்சிருக்காங்க. பாதத்துல தோலே இல்ல. கேஸ் நீங்க கொடுத்தது, சரி. நான் சொல்ல வந்தது வேற. அந்தப் பூச்சிக்கு ஒரு கண்ணுதானே போச்சு? இன்னொண்ணு இருக்கில்ல? ஆறாம் தேதி வெளிய வராராமே, வரட்டும். எனக்கு மூணு தம்பிங்க. எங்க சோளத்தை எரிச்சவன் இனிமே எந்தச் சோளத்தையும் பாக்கக் கூடாது.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இருபதாம் தேதி தாள் போகணும்ல? எழுதிக்கங்க. பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி மருத்துவ விடுப்பில் உள்ளார். அவ்வளவுதான். பயிற்சி வாய்ப்புல புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதை நல்லா பெருசா போடுங்க. கோபமான பயனாளிகளைக் கையாளுதல், ரெண்டு நாள். மதியச் சாப்பாடு உண்டுன்னும் போடுங்க.”

“சார், அந்த அளவைத் திருத்திப் போடணும்.”

“வேணாம். போட்டா நம்ம தப்புன்னு ஆயிடும்.”

“நம்ம தப்பு இல்ல சார், என் தப்பு. வரியை வெட்டினது நான். அவர் பேரைச் சேத்ததும் நான்.”

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். “இதை வெளிய எங்கயும் சொல்லாதீங்க. விசாரணைல அவர் பேருதான் இருக்கு. எப்படியும் பாவம், அவரால இனிமே வேலைக்கு வர முடியாது. அப்படியே போகட்டும். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

மேசையில் காகிதத்தில் துளை போடுகிற இரும்பு மிஷின் இருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது எறிந்தேன் என்று தெரியாது. அது அவர் நெற்றியில் பட்டு, பின்னால் இருந்த கேடயத்தில் மோதி விழுந்தது. ‘சிறந்த அலுவலகம்’ இரண்டாகப் பிளந்தது. அவர் நெற்றியிலிருந்து இரத்தம் மூக்கு வழியாக இறங்கி மீசையில் தேங்கியது. அவர் கத்தவில்லை. கத்தினால் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் கோபம் அன்றைக்கு அந்த அலமாரி ஓரத்தில் வந்திருக்கக் கூடாதா? கழிப்பறை வழியாக ஓடுகிற ஆளிடம் வீரம் காட்டி என்ன பயன்?

மறுநாள் கிணற்றுக்காரர் ஊருக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். மதியம் மறுபடி ஏறினேன். இந்தத் தடவை நாலாவது நிறுத்தம். நடத்துநர், “எங்கதாம்மா போகணும் உனக்கு?” என்று எரிந்து விழுந்தார். பயம் என்னை முடியைப் பிடித்து இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டது. நான் என்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பெல்லாம் அந்த நாலு நிறுத்தத்தோடு முடிந்தது.

இருபதாம் தேதி காலை தாளைத் தயாரிக்க உட்கார்ந்தேன். மாற்றல் இரண்டு, திருமணம் ஒன்று. கோபமான பயனாளிகளைக் கையாளுதல், மதியச் சாப்பாடு உண்டு. பின்பக்கத்தில் சரியான அளவைப் பெரிய எழுத்தில் போட்டேன். முன்பக்கத்தில் மேலே ஒரு கட்டம் வரைந்தேன். கிணற்றுக்காரரின் குழு மாதாமாதம் ஐந்தாம் தேதி, விளைச்சலை எடை போடும் எடைமேடை முற்றத்தில் கூடும். கைக்குட்டையை எடுத்த ஜீப் டிரைவரின் முகம் ஞாபகம் வந்தது. எழுதினேன்:

‘இம்மாதம் ஐந்தாம் தேதி, எடைமேடை முற்றத்தில் நடந்த விவசாயிகள் குழுக் கூட்டத்துக்கு, இத்தாளைத் தயாரிக்கும் பெண் ஊழியர் தனியாகச் சென்றார். மக்காச்சோள மருந்தின் அளவைப் பத்து மடங்காக மாற்றியது தான்தான் என்றும், பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி அப்பயிற்சிக்குச் செல்லவும் இல்லை, அதை எழுதவும் இல்லை என்றும், அன்று கேட்டபோது உயிருக்குப் பயந்து பொய் சொன்னதாகவும் எழுந்து நின்று கூறினார். அடித்தார்கள். அவர் ஓடவில்லை.’

இயக்குநர் நெற்றியில் ஒட்டுத்துணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்க விரும்பாமல் பேனாவை ஓட்டினார். நாலாயிரம் பிரதி அச்சானது.

மாதிரிப் பிரதியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் எலெக்ட்ரீஷியன், எதையும் தொடுவதற்கு முன் இரண்டு தடவை பார்க்கிற ஆள். இரண்டு தடவை படித்தார்.

“அஞ்சாம் தேதி இன்னும் வரலையே” என்றார்.

“வரும்.”

“நானும் வரேன்.”

“தனியான்னு போட்டாச்சு.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் சுவரில் தெரியாமல் முட்டிக்கொண்டவர்போல் நெற்றியைச் சுவரில் வைத்து வெகுநேரம் நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு எடைமேடை முற்றத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே பைக்கில் இருந்தார், அதற்கு மேல் நான் வர விடவில்லை. தகரக் கொட்டகைக்குக் கீழே அறுபது எழுபது பேர். பாதிப் பேர் கையில் தாள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. எழுதிவிட்டாள், வரமாட்டாள் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். நானே பாதி அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கிணற்றுக்காரர் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார். ஜாமீனில் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இரண்டு கையும் துணி சுற்றி உருண்டையாக இருந்தது. பாதங்களைத் தரையில் வைக்க முடியாமல் தூக்கி வைத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, அவளுக்குப் பின்னால் மூன்று தம்பிகள்.

நடுவில் போய் நின்று சொன்னேன். தாளில் இருந்தபடியே சொன்னேன், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்புறம் தாளில் இல்லாததையும் சொன்னேன். போட்டோவைப் பெரிதாக்கியதைச் சொன்னேன். ஒரு வரி இடம் குறைந்ததைச் சொன்னேன். பூச்சி “அக்கா, சொல்லுங்கக்கா” என்றதைச் சொன்னேன்.

கிணற்றுக்காரர் தாளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினார். விரல்களால் பிடிக்க முடியவில்லை.

“இதுல போட்டிருக்கறது உண்மையா பொய்யா?” என்றார்.

“உண்மைதான்” என்றேன்.

தாள் அவர் கையிலிருந்து நழுவியது. “அப்ப நான் யாரோட கண்ணை…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் தன் கைகளைப் பார்த்தார். துணி சுற்றிய அந்த இரண்டு உருண்டைகளாலும் தன் முகத்தில் அடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப. உடைந்த விரல்களால் அடித்துக்கொண்டால் எப்படி வலித்திருக்கும், அவர் நிறுத்தவில்லை. துணியில் இரத்தம் ஊறியது. தம்பிகள் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்களிடம், “ஆஸ்பத்திரிப் பக்கம் எவனும் போகக் கூடாது. போனா உங்க அக்கா புருஷன் செத்தான்னு வச்சுக்கங்க” என்றார்.

அவர் மனைவி அதற்குள் எழுந்துவிட்டாள். தூணில் சாய்த்து வைத்திருந்த தெளிப்பானிலிருந்து பித்தளைக் குழலைக் கழற்றினாள். நிதானமாகக் கழற்றினாள், மரையை மூன்று சுற்றுச் சுற்றி. கூட்டம் விலகி வழி விட்டது. என் பின்னால் கேட்டுவரைக்கும் ஒரு பாதை திறந்தே இருந்தது. அதன் கடைசியில் பைக்கில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் சட்டை நிறம் தெரிந்தது.

“ஓடு” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. “இப்பவாவது ஓடு.”

“ஓடலன்னு போட்டிருக்கு” என்றேன்.

முதல் அடி வலது தோளில் விழுந்தது. கை விழுந்துவிட்டதோ என்று பார்த்தேன், இருந்தது. இரண்டாவது அடி முழங்காலில். அதற்கு மேல் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். உட்காருவதைப் பற்றித் தாளில் எதுவும் போட்டிருக்கவில்லை.